வீட்டு நாயின் நோயை அறிகுறிகளால் அறிதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கால்நடை மருத்துவமனைக்கு நாயைப் பிடித்துக்கொண்டு வருபவர்களில் பெரும்பாலோர் முதலில் சொல்வது, "ரெண்டு நாளா சாப்பிடலை, டாக்டர்" என்பதுதான். சாப்பாட்டை நிறுத்துவது முக்கியமான அறிகுறி என்பதில் ஐயமில்லை. ஆனால் பல நோய்களில் அது பிந்தி வரும் அறிகுறி. அதற்குப் பல நாள் முன்பே நாயின் நடையிலும் உறக்கத்திலும் தண்ணீர் குடிக்கும் அளவிலும் சிறுநீரின் நிறத்திலும் மாறுதல் தொடங்கியிருக்கும். அந்த முந்தைய மாறுதல்களை வீட்டிலேயே கண்டுகொள்வதற்காகவே, தமிழ்நாட்டு வீடுகளில் அதிகம் காணப்படும் நோய்களை மனத்தில் வைத்து, இந்த விடைகள் எழுதப்பட்டுள்ளன. மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்வதற்கு இவை மாற்றாக மாட்டா.

நாய் நன்றாக இருக்கும்போதே தெரிந்துவைத்திருக்க வேண்டியவை எவை?

நோயின் அறிகுறி என்பது பெரும்பாலும் வழக்கத்திலிருந்து விலகுவதுதான்; வழக்கம் எதுவென்று தெரியாதவருக்கு விலகல் கண்ணில் படாது. ஆகவே நாய் நலமாக இருக்கும் நாள்களிலேயே சிலவற்றைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். அது அயர்ந்து தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். நலமான நாய்க்கு அந்த எண்ணிக்கை பொதுவாக 30-ஐத் தாண்டாது. பின்தொடையின் உட்புறத்தில் விரல்களை மெல்ல வைத்தால் நாடித் துடிப்பு தெரியும். நிமிடத்துக்கு 60 முதல் 140 வரை இருக்கலாம், பெரிய நாய்களுக்குக் குறைவாகவும் சிறிய நாய்களுக்கு மிகுதியாகவும் இருக்கும். மாதம் ஒருமுறை நாயைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் கருவியில் ஏறி நின்று, உங்கள் எடையைக் கழித்து, வரும் எண்ணை எழுதிவையுங்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்கு மெல்ல மெல்லக் குறையும் எடை தெரிவதே இல்லை. எழுதிவைத்த எண்தான் அதைக் காட்டும்.

மலம் எவ்வளவு இறுக்கமாக இருக்கும், ஒரு நாளில் எத்தனை முறை சிறுநீர் கழிக்கும், வாசல் மணி அடித்தால் எவ்வளவு விரைவாக எழுந்து ஓடும் என்பவையும் அதே குறிப்பேட்டில் இருக்கட்டும்.

ஈறுகளைப் பார்க்கச் சொல்கிறார்களே, எப்படிப் பார்ப்பது?

வீட்டில் செய்யக்கூடிய சோதனைகளில் இதற்கு ஈடானது வேறில்லை என்பது என் கருத்து. நாயின் பக்கவாட்டில் அமர்ந்து, மேலுதட்டை ஒரு விரலால் உயர்த்தி, கோரைப்பல்லுக்கு மேலுள்ள ஈற்றைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நலமான ஈறு இளஞ்சிவப்பாகவும் ஈரமாகவும் இருக்கும். அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் ஒரு கணம் வெளுத்து, 2 வினாடிக்குள் மறுபடியும் சிவக்க வேண்டும். அதற்கு மேல் நேரமானால் உடலில் ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது என்று பொருள். தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டினால் உடலில் நீர் வற்றத் தொடங்கிவிட்டது.

காகிதம்போல் வெளுத்த ஈறு, ரத்தசோகையையோ உள்ளே எங்கேனும் ரத்தம் கசிவதையோ அதிர்ச்சி நிலையையோ காட்டும். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலும் கொக்கிப்புழுவும் இதற்கு அடிக்கடி காரணமாகின்றன. மஞ்சள் நிறம், கல்லீரல் பாதிப்பையோ சிவப்பணுக்கள் சிதைவதையோ சொல்லும். நீலம் பாய்ந்த ஈறு உயிர்க்காற்றுப் பற்றாக்குறையின் அடையாளம். செங்கல் நிறத்தில் சிவந்தால் வெப்பத்தாக்கமோ கடும் நோய்த்தொற்றோ இருக்கக்கூடும். ஊசி முனையால் குத்தியதுபோன்ற சிறு சிவப்புப் புள்ளிகள் ஈற்றிலோ அடிவயிற்றிலோ தெரிந்தால், ரத்தம் உறைவதற்குத் தேவையான தட்டணுக்கள் குறைந்திருக்கலாம் என்பதால் அன்றைக்கே மருத்துவரிடம் செல்ல வேண்டும். ராஜபாளையம் நாய்களின் ஈறு வெளிர்சிவப்பாக இருப்பதும், கறுப்பு நாய்கள் சிலவற்றின் ஈற்றில் கரும்படலம் இருப்பதும் இயல்பே. கரும்படலம் உள்ள நாய்க்குக் கீழிமையை மெல்ல இழுத்து உட்பக்கத்தைப் பார்க்கலாம்.

மூக்கு உலர்ந்திருந்தால் காய்ச்சல்தானே?

அப்படிச் சொல்ல முடியாது. தூங்கி எழுந்த நாய்க்கும் வெயிலில் படுத்திருந்த நாய்க்கும் மூக்கு உலர்ந்துதான் இருக்கும். கடும் காய்ச்சலுள்ள நாயின் மூக்கு ஈரமாகவும் இருக்கலாம். காதைத் தொட்டுப் பார்ப்பதும் நம்பத்தக்கதன்று. டிஜிட்டல் வெப்பமானியின் முனையில் சிறிது தேங்காய் எண்ணெய் தடவி, ஆசனவாயில் ஓர் அங்குலம் அளவுக்குச் செலுத்தி எடுப்பதே சரியான அளவைத் தரும். அந்த வெப்பமானியை நாய்க்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நாயின் இயல்பான உடல்வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. மனித அளவை மனத்தில் வைத்துக்கொண்டு 101 என்றவுடன் பதறி மாத்திரை கொடுப்பவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓய்வில் இருக்கும்போது 103-ஐத் தாண்டினால் மருத்துவரிடம் காட்டுங்கள். 104-ஐத் தாண்டினால் காத்திருக்கக் கூடாது. 99-க்குக் கீழே இறங்குவதும் அதே அளவுக்கு ஆபத்தானது.

ஒருவேளை சாப்பிடவில்லை என்றால் கவலைப்பட வேண்டுமா?

வளர்ந்த நாய் ஒருவேளை உணவைத் தவிர்த்துவிட்டு, மற்றபடி வாலாட்டிக்கொண்டு தண்ணீரும் குடித்துத் திரிந்தால் மறுவேளை வரை பார்க்கலாம். ஒரு நாள் முழுதும் எதையும் தொடவில்லையென்றால் காட்டத்தான் வேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு இந்தத் தவணை பொருந்தாது. அதன் உடலில் சேமிப்பு குறைவு என்பதால் சில மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை இறங்கித் துவண்டுவிடும். நாய் உணவருகே ஆவலாக வந்து, முகர்ந்து, வாயில் எடுத்துக் கீழே போட்டுவிட்டால் பசியில் குறையில்லை, பல்லிலோ வாயிலோ தொண்டையிலோ வலி இருக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும்.

உண்ணிக் காய்ச்சலை எப்படி அடையாளம் காண்பது? உண்ணியே இல்லாத நாய்க்கும் வருமா?

தமிழ்நாட்டில் நாய் வளர்ப்பவர் ஒரேயொரு நோயைப் பற்றி மட்டும் ஆழமாகத் தெரிந்துகொள்ள முடியுமென்றால் அது இதுவாகவே இருக்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல் என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒற்றை நோயன்று. எர்லிக்கியா, அனாபிளாஸ்மா ஆகிய பாக்டீரியாக்களும், பெபீசியா, ஹெபடோசூன் ஆகிய ஒட்டுண்ணிகளும் பழுப்பு நாய் உண்ணியின் வழியாக நாயின் உடலுக்குள் வருகின்றன. சில நேரங்களில் இரண்டு ஒன்றாகவே வரும். முதல் மூன்றும் உண்ணி கடிக்கும்போது பரவுகின்றன. ஹெபடோசூன் மட்டும் நாய் உண்ணியை நக்கி விழுங்குவதால் பரவுகிறது.

தொடக்கத்தில் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், சோர்வு, சாப்பாட்டில் அக்கறைக் குறைவு, தாடைக்குக் கீழும் முழங்காலுக்குப் பின்னும் நெறி கட்டுதல், காலை மாற்றி மாற்றி நொண்டுதல், கண்ணில் பூளை தள்ளுதல் ஆகியவை தெரியும். இவை உண்ணி கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் வரும். பிறகு பல நாய்கள் தாமாகவே தேறியதுபோலத் தோன்றும். இதுதான் ஏமாற்றும் கட்டம். எர்லிக்கியா மாதக்கணக்கிலும், சில நாய்களில் ஆண்டுக்கணக்கிலும் உள்ளே தங்கியிருந்து எலும்பு மஜ்ஜையைத் தாக்கும். அப்போது மூக்கிலிருந்து ரத்தம் வடியும், ஈறு வெளுக்கும், எடை இறங்கும். பெபீசியா சிவப்பணுக்களையே உடைப்பதால் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும். உண்ணி கண்ணில் படாததால் உண்ணிக் காய்ச்சல் இல்லை என்று சொல்ல முடியாததற்குக் காரணமும் இதுவே: கடித்த உண்ணி என்றோ விழுந்து போயிருக்கும்.

ஆகவே காய்ச்சலோடு சோர்ந்த நாய்க்கு ரத்தப் பரிசோதனை செய்யாமல் மருந்து தொடங்குவது நல்லதன்று. தட்டணுக்களின் எண்ணிக்கையும், ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் பார்ப்பதும் அடிப்படையானவை. தேவைப்பட்டால் மருத்துவர் பிசிஆர் சோதனையும் எழுதுவார். எர்லிக்கியாவுக்குப் பொதுவாக டாக்சிசைக்ளின் மாத்திரை 28 நாள் கொடுக்கப்படுகிறது. மூன்றாம் நாளே நாய் எழுந்து சாப்பிடத் தொடங்கிவிடும் என்பதால் பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நிறுத்திய நாய்கள் நோய் முற்றி மறுபடியும் வருவது வேதனை தரும் காட்சி. பெபீசியாவுக்கு இந்த மாத்திரை மட்டும் போதாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

உண்ணியைத் தேடும்போது முதுகைத் தடவிப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். காதுமடலின் உட்புறம், கால்விரல்களின் இடுக்கு, கழுத்துப்பட்டையின் அடி, முன்னங்கால் அக்குள், வாலின் அடிப்பகுதி ஆகியவையே அவை ஒளியும் இடங்கள். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்து, சோப்புத் தண்ணீரில் போட வேண்டும். விரலால் நசுக்கக் கூடாது. பழுப்பு நாய் உண்ணி வீட்டுச் சுவரின் விரிசலிலும் கதவு நிலையின் பின்னும் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடும் இயல்புடையது. ஆதலால் நாய்க்கு மட்டும் மருந்து போட்டு, அது படுக்கும் இடத்தை விட்டுவிட்டால் சில வாரத்தில் பழைய நிலைதான்.

குட்டி வாந்தியும் ரத்தப்பேதியுமாக இருக்கிறது. ஒரு நாள் பார்க்கலாமா?

பார்க்கக் கூடாது. ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரையுள்ள குட்டி சோர்ந்து, மீண்டும் மீண்டும் வாந்தி எடுத்து, சகிக்க முடியாத நாற்றத்துடன் ரத்தம் கலந்து கழிந்தால், முதலில் எண்ண வேண்டியது பார்வோ வைரஸைத்தான். 1978-இல் உலகக் கவனத்துக்கு வந்த இந்த வைரஸ் குடலின் உட்சுவரை அரித்துவிடுகிறது. நோய் எதிர்ப்புத் தரும் வெள்ளையணுக்களையும் குறைத்துவிடுகிறது. குட்டியின் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நீரிழப்பும் அதைத் தொடரும் நோய்த்தொற்றும்தான். எனவே நரம்பு வழியாகத் திரவம் ஏற்றுவது எவ்வளவு விரைவில் தொடங்குகிறதோ அவ்வளவுக்குப் பிழைக்கும் வாய்ப்பு கூடும். வாந்தி நிற்காத குட்டியின் வாயில் பாலையோ மோரையோ குளுக்கோஸ் தண்ணீரையோ ஊற்றுவதால் பயனில்லை, புரையேறவும் கூடும்.

இந்த வைரஸ் தரையிலும் மண்ணிலும் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கும். குட்டியை இழந்த வீட்டில் உடனே வேறொரு தடுப்பூசி போடாத குட்டியைக் கொண்டுவந்து விடுவது பெரும் தவறு. சாதாரண ஃபினாயில் இதற்குப் போதாது. ப்ளீச்சிங் கரைசலே இதை அழிக்கும். தடுப்பூசியை 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 16 வாரம் வரை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடர வேண்டும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் தொடக்க ஊசிகளின் வேலையைத் தடுக்கக்கூடும் என்பதால்தான் ஒரே ஊசியோடு நிற்பதில்லை.

குட்டிக்குக் கண்ணிலும் மூக்கிலும் கெட்டியான சளி வடிந்து, சில வாரம் கழித்துத் தலையோ காலோ தன்னிச்சையாக வெட்டி வெட்டி இழுத்தால் அது டிஸ்டெம்பர் நோயாக இருக்கலாம். அதற்கும் தடுப்பூசி உண்டு.

வளர்ந்த நாய் எப்போதாவது வாந்தி எடுப்பது இயல்புதானே?

புல்லைத் தின்று ஒருமுறை கக்கிவிட்டுப் பழையபடி ஓடியாடும் நாயைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரே நாளில் மூன்று நான்கு முறை வாந்தி, வாந்தியில் ரத்தம், குடித்த தண்ணீரும் தங்காமை, கூடவே சோர்வு என்றால் நிலைமை வேறு. தீபாவளி, ஆடி மாதக் கிடாவெட்டு போன்ற விருந்து நாள்களுக்கு மறுநாள் கொழுப்பான கறியைத் தின்ற நாய்களுக்குக் கணைய அழற்சி வருவதுண்டு. முன்னங்கால்களைத் தரையில் நீட்டி மார்பைத் தாழ்த்தி, பின்புறத்தை மட்டும் உயர்த்தியபடி நாய் மீண்டும் மீண்டும் நின்றால் அது விளையாட்டுக்கு அழைப்பதன்று, வயிற்று வலியைத் தணித்துக்கொள்ள முயல்வது. வேகவைத்த எலும்பு சிலாம்பு சிலாம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும் அல்லது அடைக்கும். முக்கி முக்கி மலம் வராமல் வாந்தியும் இருந்தால் எலும்பு தின்றதை மறக்காமல் சொல்லுங்கள்.

இதைவிட அவசரமானது ஒன்று உண்டு. கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்டு, டாபர்மேன் போன்ற ஆழமான மார்புடைய பெரிய நாய், வயிறு உப்பி, நிலைகொள்ளாமல் உலாத்தி, எச்சில் ஒழுக ஓங்கரித்தும் ஒன்றும் வெளியே வரவில்லை என்றால், இரைப்பை காற்றால் நிரம்பி முறுக்கிக்கொண்டிருக்கலாம். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். அறுவை சிகிச்சை வசதியுள்ள இடத்துக்கே நேராகச் செல்ல வேண்டும்.

நாய் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறது. வெயிலால் இருக்குமா?

இருக்கலாம்; ஆனால் அப்படி நினைத்து விட்டுவிடுவதற்கு முன் அளந்து பாருங்கள். காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் காலை மிச்சத்தைக் கழித்தால் போதும். ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளில் 50 முதல் 60 மில்லி வரை குடிப்பது பொதுவான அளவு. 100 மில்லியைத் தாண்டினால், அதாவது 20 கிலோ நாய் தினமும் 2 லிட்டருக்கு மேல் குடித்தால், ரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கப்பட வேண்டும். வயதான நாயில் சிறுநீரகப் பாதிப்பு, எந்த உணவு கொடுத்தும் மெலியும் நாயில் சர்க்கரை நோய் ஆகியவை முதலில் இப்படித்தான் வெளிப்படுகின்றன. வெளியே கூட்டிச்செல்லும்வரை அடக்கிக்கொள்ளும் நாய் திடீரென்று வீட்டுக்குள் சிறுநீர் கழிப்பதும் இதோடு சேர்ந்ததாக இருக்கலாம். அதை அடித்துத் திருத்த முயல்வது கொடுமை.

கருப்பை அறுவை செய்யப்படாத பெட்டை நாய் என்றால் மற்றொன்றையும் நினைக்க வேண்டும். சினைப்பருவம் முடிந்து 4 முதல் 8 வாரத்துக்குள் அதிகத் தண்ணீர், சோர்வு, வாந்தி, பிறப்புறுப்பில் சீழ்போன்ற கசிவு ஆகியவை தெரிந்தால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். கசிவே இல்லாமல் வயிறு மட்டும் பெருத்துக்கொண்டு வருவது இன்னும் ஆபத்தானது, ஏனெனில் சீழ் வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்குகிறது. வேறு வழியில் சரியாகும் என்று நாள் கடத்தாமல் பெரும்பாலான நாய்களுக்குக் கருப்பையை அகற்றிவிடுவதே உயிர் காக்கும்.

இருமலை எப்போது பொருட்படுத்த வேண்டும்?

நாய்க் காப்பகத்தில் விட்டுக் கூட்டிவந்த சில நாளில் தொடங்கும் வறட்டு இருமல் பெரும்பாலும் தொற்றால் வருவது. பிற நாய்களிடமிருந்து விலக்கி வைக்க வேண்டும். வயதான ஸ்பிட்ஸ், பொமரேனியன் போன்ற சிறிய நாய்கள் இரவில் இருமினால் இதய வால்வுப் பழுதையும், வாத்து கத்துவதுபோன்ற ஒலியுடன் இருமினால் மூச்சுக்குழல் தளர்ச்சியையும் மருத்துவர் சோதிப்பார். தூக்கத்தில் மூச்சு எண்ணிக்கை நாள்தோறும் 30-க்கு மேலேயே இருப்பது, நுரையீரலில் நீர் கோப்பதற்கான முன்னறிவிப்பாக இருக்கலாம்.

அக்னி நட்சத்திர நாள்களில் நாய் விடாமல் மூச்சிரைக்கிறதே?

நாய்க்கு உடலெங்கும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்தே வெப்பத்தை வெளியேற்றுகிறது. நிழலும் தண்ணீரும் கிடைத்த சிறிது நேரத்தில் இரைப்பு அடங்கினால் இயல்பு. அடங்காமல், கெட்டியான எச்சில் வழிய, ஈறு கடுஞ்சிவப்பாகி, தள்ளாடி விழுந்தால் வெப்பத்தாக்கம். பக், ஷிட்சூ, புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் சிறிது தொலைவு வெயிலில் நடந்தாலே இந்நிலைக்கு வரும். உடனே நிழலுக்குக் கொண்டுவந்து, குழாய்த் தண்ணீரை உடலெங்கும் ஊற்றி, மின்விசிறியின் கீழ் படுக்கவைத்து, வழியிலும் குளிர்வித்தபடியே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். ஈரத்துணியால் மூடிவைக்கக் கூடாது, அது வெப்பத்தை அடைத்துவைக்கும். எழுந்து நின்றுவிட்டாலும் காட்டத்தான் வேண்டும். சிறுநீரகம், கல்லீரல் பாதிப்பு ஓரிரு நாள் கழித்தும் தெரியவரலாம்.

மழைக்காலத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரால் பரவும் எலிக்காய்ச்சலை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் நின்றதுபோன்ற தெருவெள்ளத்தில் நடந்த நாய், அடுத்த ஓரிரு வாரத்தில் காய்ச்சல், வாந்தி, எழுந்து நிற்கத் தயங்கும் அளவுக்குத் தசைவலி, கண்ணும் ஈறும் மஞ்சளித்தல் ஆகியவற்றைக் காட்டினால் உடனே காட்ட வேண்டும். இந்நோய் நாயின் சிறுநீர் வழியாக மனிதருக்கும் தொற்றும். ஆகையால் கையுறை அணிந்து சுத்தம் செய்வதும் குழந்தைகளை விலக்கிவைப்பதும் கட்டாயம். ஆண்டுதோறும் போடும் கூட்டுத் தடுப்பூசியில் இதற்கான பகுதி இருக்கிறதா என்று கேட்டுப் போடுங்கள்.

சொறிவது, தலையை உதறுவது, பின்புறத்தைத் தரையில் தேய்ப்பது எல்லாம் நோயா?

ஒருபக்கமாகத் தலையைச் சாய்த்து உதறுவதும் காதிலிருந்து புளித்த நாற்றம் வருவதும் காதுத்தொற்று. பின்புறத்தை இழுத்துத் தேய்ப்பது ஆசனவாய்ச் சுரப்பி நிறைந்திருப்பதாலோ நாடாப்புழுவாலோ இருக்கலாம். நாடாப்புழுவின் துண்டுகள் அரிசிமணிபோல் வாலடியில் ஒட்டியிருக்கும். முடி அடர்ந்த நாயிடம் திடீரென்று அழுகல் நாற்றம் வந்தால் முடியை விலக்கிப் பாருங்கள். மேலே சிறு துளையாகத் தெரியும் புண்ணின் உள்ளே புழு வைத்துக் குடைந்திருக்கும். அதில் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊற்றாதீர்கள். தெருவில் சுற்றிவரும் நாயின் பிறப்புறுப்பிலிருந்து வாரக்கணக்கில் ரத்தம் சொட்டினால் அது இனச்சேர்க்கையால் பரவும் கட்டியாக இருக்கலாம். கேட்க அச்சமூட்டினாலும் வாரம் ஒருமுறை செலுத்தும் ஊசிக்கு நன்றாகக் கட்டுப்படும் நோய் அது.

எங்கள் சிப்பிப்பாறைக்கு விலா எலும்பு தெரிகிறது. நோயா?

சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நாயினங்கள் ஓடி வேட்டையாடுவதற்கென்றே வளர்க்கப்பட்ட ஒல்லி உடல்வாகு கொண்டவை. கடைசி விலாக்கள் சில தெரிவது அவற்றுக்கு அழகே. லேப்ரடாருக்கு அப்படித் தெரிந்தால்தான் விசாரிக்க வேண்டும். எந்த இனமானாலும் இடுப்பெலும்பும் முதுகெலும்பும் துருத்திக்கொண்டு, தொடைச்சதை வற்றினால் அது மெலிவு.

வலிப்பு வந்தால் என்ன செய்வது?

கையில் இரும்பைக் கொடுப்பதும் வாயில் கரண்டியைத் திணிப்பதும் வேண்டாம். நாக்கை விழுங்கிவிடாது, உங்கள் விரல்தான் கடிபடும். சுற்றியுள்ள பொருள்களை விலக்கி, விளக்கை அணைத்து, கைப்பேசியில் நேரம் தெரியும்படி காணொளி எடுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ 24 மணி நேரத்துக்குள் மறுபடியும் வந்தாலோ அவசரம்.

வலி இருந்தால் நாய் கத்தாதா?

பெரும்பாலும் கத்தாது. மாடிப்படியின் முன் நின்று தயங்குவது, படுப்பதற்கு முன் பலமுறை சுற்றிச் சுற்றி இடம் மாற்றுவது, ஒரே காலை நக்கிக்கொண்டே இருப்பது, தடவினால் உறுமுவது, கட்டிலுக்கடியில் போய் ஒளிவது ஆகியவையே அதன் மொழி. வயதாகிவிட்டது என்று நாம் ஒதுக்கிவிடும் தளர்ச்சியில் பாதி மூட்டுவலியாகவே இருக்கும். அதற்கு நல்ல மருந்துகள் உண்டு என்பதால் அந்த வலியை அப்படியே விட்டுவிடுவதை ஏற்க முடியவில்லை. வாரம் ஒருமுறை உடலெங்கும் தடவிப் பார்த்து, புதிய கட்டி ஏதும் இருக்கிறதா, குறிப்பாகப் பெட்டை நாயின் மடிக்காம்பு வரிசையில் இருக்கிறதா என்று தேடுங்கள். பட்டாசுச் சத்தத்தில் நடுங்கி ஒளிவது மட்டும் அச்சம். சத்தம் ஓய்ந்தால் அதுவும் ஓய வேண்டும்.

வீட்டில் உள்ள பாராசிட்டமால் கொடுக்கலாமா?

மருத்துவர் அளவு சொல்லாமல் கொடுக்கவே கூடாது. பாராசிட்டமால் நாயின் கல்லீரலையும் சிவப்பணுக்களையும் கெடுக்கக்கூடும். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் ஆகியவை இரைப்பையில் புண்ணையும் சிறுநீரகச் செயலிழப்பையும் உண்டாக்கும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகியவையும் நாய்க்கு நஞ்சு. எலி மருந்தைத் தின்றதாக ஐயம் இருந்தால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் அந்த அட்டையையோ பொட்டலத்தையோ எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை மருந்து, சில நாள் கழித்துத்தான் ரத்தக்கசிவாகத் தன் வேலையைக் காட்டும்.

வெறிநோயின் அறிகுறிகள் எவை?

கண்டதையெல்லாம் கடிப்பது மட்டுமே வெறிநோய் என்று எண்ணுவது உயிருக்கு ஆபத்தான தவறு. ஊமை வடிவில் நாய் சாதுவாக மூலையில் ஒடுங்கும்; கீழ்த்தாடை தொங்கும்; எச்சில் ஒழுகும்; குரைப்பு மாறும்; விழுங்க முடியாமல் தவிக்கும். தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டதென்று வீட்டார் வாய்க்குள் கைவிடுவது இந்த நேரத்தில்தான். தடுப்பூசி போடாத அல்லது தவணை தவறிய நாய் இப்படி இருந்தால் வாயைத் தொடாமல், தனி அறையில் அடைத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். எச்சில் பட்ட காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, சுண்ணாம்போ மஞ்சளோ காப்பித்தூளோ வைக்காமல், அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். அறிகுறி வந்தபின் நாய்க்கும் சரி, மனிதருக்கும் சரி, இந்நோய்க்குச் சிகிச்சை இல்லை என்றே கொள்ள வேண்டும். நாய்க்கு மூன்று மாத வயதில் முதல் ஊசி, பின்னர் மருத்துவர் சொல்லும் தவணையில் தவறாமல் தொடர்தல் என்பதில் எந்த விட்டுக்கொடுத்தலும் கூடாது.

எந்த நிலையில் நள்ளிரவானாலும் கிளம்ப வேண்டும்?

மூச்சுத் திணறல், வெளுத்த அல்லது நீலம் பாய்ந்த ஈறு, நிற்காத ரத்தப்போக்கு, உப்பிய வயிற்றோடு வெற்று ஓங்கரிப்பு, நிற்காத வலிப்பு, வெப்பத்தாக்கம், நஞ்சு, ஒரு சொட்டுச் சிறுநீரும் போக முடியாமல் முக்குதல், குட்டி ஈனும்போது அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வெளிவராமை ஆகியவற்றில் விடியும்வரை பொறுக்கக் கூடாது. தோட்டக் காவலுக்கு இருக்கும் நாயின் முகமோ காலோ திடீரென்று வீங்கினாலும், இமை தொங்கித் தள்ளாடினாலும் பாம்புக்கடி என்றே கருதுங்கள். கட்டுப் போடுவது, கீறிவிடுவது, பச்சிலை கொடுப்பது ஆகியவற்றில் நேரத்தைக் கழிக்காமல் நச்சுமுறி ஊசி இருக்கும் இடத்துக்குத் தூக்கிச் செல்லுங்கள். நம் நாட்டில் கிடைக்கும் அந்த நச்சுமுறி ஊசி நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் எதிராக வேலை செய்கிறது. எந்த மருத்துவமனை இரவில் திறந்திருக்கும் என்பதை இன்றைக்கே விசாரித்து எண்ணைக் குறித்துவையுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது எதைக் கொண்டுசெல்ல வேண்டும், எதைச் சொல்ல வேண்டும்?

ஊரின் அரசு கால்நடை மருந்தகமானாலும், 1903-இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனையானாலும், தனியார் மருத்துவரானாலும், தேவைப்படும் விவரங்கள் ஒன்றே. தடுப்பூசி அட்டை, குடற்புழு மருந்து கடைசியாகக் கொடுத்த தேதி, முன்பு எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாள்கள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். இருமல், நொண்டல், வலிப்பு போன்றவை மருத்துவமனை மேசையில் ஏறியவுடன் மறைந்துவிடும் என்பதால் வீட்டிலேயே காணொளி எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். அன்றைய மலத்தைச் சிறு டப்பாவில் கொண்டுபோவதற்கு யாரும் கூசத் தேவையில்லை. முதல் மாறுதல் எந்த நாளில் தெரிந்தது, அதற்குப் பின் எது எந்த வரிசையில் வந்தது என்பதை வீட்டில் நாய்க்குச் சோறு வைப்பவரே சொல்வது நல்லது. அழைத்து வருபவருக்குப் பல வேளைகளில் அது தெரிவதில்லை. வீட்டில் ஏற்கெனவே ஏதேனும் மாத்திரையோ நாட்டுமருந்தோ கொடுத்திருந்தால், திட்டுவார்களோ என்று மறைக்காமல் அதன் பெயரையும் அளவையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அடுத்து எந்த ஊசியைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்பது அதைப் பொறுத்தே அமையும்.